பாஸில் மூன்று கட்டங்கள்

ஜூன் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பது தெரியும். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் உங்களிடமும் சொல்லியிருப்பாள். "ரெண்டு அம்மாவும் சேர்ந்து வந்தா வாங்க. ஒருத்தர் மட்டும் வர்றதா இருந்தா யாருமே வர வேண்டாம்." பிரசவத்துக்குக் கூப்பிடுகிற லட்சணம் இது. இதோடு விட்டாளா? நாம் இருவரும் போனில் பேசக் கூடாதாம். ஜனவரியில் ஏழு நிமிடம் பேசிக் கிழித்ததே போதுமாம். "எழுதுங்க. எழுதி முடிக்கறதுக்குள்ள பாதிக் கோபம் ஆறிடும்" என்றாள். பின்னாலிருந்து உங்கள் பிள்ளை ஆமாம் போட்டது எனக்குக் கேட்டது.

அந்த நாட்டுத் தலைநகர் வரைக்கும் நமக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் ஒன்பது இறங்குகிறோம். அங்கிருந்து அவர்கள் ஊர் வடக்கே தொள்ளாயிரம் கிலோமீட்டர். அதை எப்படிப் போவது என்று மட்டும் நாமே முடிவு செய்ய வேண்டுமாம்.

நான் முடிவு செய்துவிட்டேன். ரயில் பாஸ். வெளிநாட்டுக்காரர்களுக்கு என்றே விற்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் நமக்குப் பிடித்த மூன்று நாள் எந்த வண்டியிலும் ஏறலாம், எங்கும் இறங்கலாம். வழியில் ஓர் ஏரி இருக்கிறது. அரை மணி நேரம் ரயில் அதன் ஓரத்திலேயே ஓடுமாம். ஏரிக்கரை ஊரில் ஒரு நாள் தங்கிவிட்டு மெதுவாகப் போகலாம். குழந்தை பிறக்க இருபத்தொன்றாம் தேதி ஆகும், அவசரம் என்ன?

இருபத்திரண்டு வருடமாகப் பதிவாளர் ஆபீஸ் எதிரில், பத்துக்கு எட்டுக் கடையில், ஜெராக்ஸ் மிஷினின் பச்சை வெளிச்சம் இப்படியும் அப்படியும் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு ஜன்னல் வேண்டும். நிஜமாக ஓடுகிற ஜன்னல்.

உங்கள் பதிலைப் பார்த்து இரண்டு பாஸுக்கும் ஏஜெண்டிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா

—

ஜூன் 7

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

பாஸ் வேண்டாம். உள்நாட்டு விமானம் இருக்கிறது. ஒரு மணி பத்து நிமிடம். ரயில் ஒன்பது மணி நேரம். நீங்கள் சொல்லும் ஏரிக்கரையில் இறங்கினால் மூன்று நாள்.

பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். இருபத்தொன்று என்று எழுதியிருந்தால் இருபத்தொன்றில்தான் பிறக்கும் என்பதெல்லாம் காகிதத்தில்தான். தலைப்பிரசவம் பிந்தும் என்பார்கள். முந்தியும் பார்த்திருக்கிறேன், காரிலேயே பார்த்திருக்கிறேன்.

பாஸ் எடுப்பது நிறைய ஊர் சுற்றுகிறவர்களுக்கு. நாம் போவது ஓர் ஊருக்கு. ஒரே ஒரு தடவை ஏறி இறங்கப் பாஸ் எதற்கு? ரயில்தான் என்றால் முன்கூட்டியே சாதாரண டிக்கெட் எடுத்தால் பாதிதான் ஆகும். இதையும் விசாரித்துவிட்டேன்.

ஆகவே விமானம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகனின் அம்மா

—

ஜூன் 11

பெரிய சிஸ்டர் அவர்களுக்கு,

வார்டில் உங்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாமே, உங்கள் பிள்ளை சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதம் மருந்துச் சீட்டு மாதிரியே இருந்தது. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும் போடவில்லை.

ஒரு மணி பத்து நிமிடமா? கணக்குப் போடுவோம், எனக்கும் வரும். விமான நிலையம் ஊருக்கு வெளியே முக்கால் மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். போய் இறங்கும் விமான நிலையம் பிள்ளைகள் வீட்டிலிருந்து இன்னொரு மணி நேரம். மூட்டைக்குத் தனியாகக் கட்டணம். அந்தக் குட்டி விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான். என் பெட்டியில் குக்கர் மட்டுமே நாலு கிலோ. குழந்தைக்குத் துவைத்துத் துவைத்துப் பஞ்சான பழைய பருத்தித் துணி ஒரு மூட்டை. எதை எடுத்து வெளியே வைப்பேன்? உங்கள் பெட்டியிலும் ஒரு குக்கர் இருக்கிறது என்று என் மகள் சொல்லிவிட்டாள்.

அந்த ஊர்ப் பக்கம் காற்று அடித்தால் விமானத்தை நிறுத்திவிடுவார்களாம். ரயில் நிற்காது.

நான் மனசில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாதவள். கேட்டுவிடுகிறேன். விமானத்தில் போனால் முந்தலாம் என்றுதானே? எனக்கு முன்னால் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ளத்தானே? ஜனவரியில் என்ன சொன்னீர்கள்? "ரத்தத்தப் பாத்தா மயங்கி விழற உங்களால அங்க என்ன பிரயோஜனம்?" அந்த வார்த்தை இன்னும் என் காதிலேயே உட்கார்ந்திருக்கிறது. மயங்கி விழுவேன்தான். அதற்காக நான் அவளைப் பெறவில்லை என்று ஆகிவிடுமா?

இப்படிக்கு,
லேமினேஷன் கடைக்காரி

—

ஜூன் 16

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்த கையோடு பதில் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் போட்ட சட்டத்தில் அர்த்தம் இருக்கிறது.

நான் சொன்னது தவறு. சொல்லியிருக்கக் கூடாது.

நீங்களும் ஒன்று சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "மூவாயிரம் பிள்ளையப் பாத்தவங்களுக்கு இது மூவாயிரத்து ஒண்ணு. எனக்கு இதுதான் ஒண்ணு." அதற்குத்தான் நான் போனை வைத்தேன்.

மூவாயிரம் குழந்தைகளைத் துடைத்து, சுற்றி, வெளியே கொண்டுவந்து யார் யாருடைய பாட்டி கையிலோ கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டிகள் முகம் மாறுவதைப் பார்ப்பேன். அதற்குள் உள்ளே அடுத்தது கூப்பிடும், போய்விடுவேன். என் மகன் பிறந்தபோது எனக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அவனை நான் பார்த்தது ஆறு மணி நேரம் கழித்து. வேறு யாரோ சுற்றிக் கொடுத்தார்கள், நன்றாகக்கூடச் சுற்றவில்லை. இந்த ஒன்றையாவது பிறந்த நிமிடத்தில் பார்க்க வேண்டும். தாமதமாகிவிடுமோ என்று பயம். விமானம் கேட்டது அதற்குத்தான். உங்களை முந்த இல்லை. அதாவது, உங்களை முந்த மட்டும் இல்லை.

நேற்று பாஸின் விதிகளைப் படித்தேன். எந்த வண்டியிலும் ஏறலாம் என்பது உண்மைதான். டிக்கெட் அப்படி இல்லை. குறைந்த விலை டிக்கெட் ஒரு தேதி, ஒரு வண்டி, அவ்வளவுதான். மாற்ற முடியாது. பிரசவ விஷயத்தில் தேதி மாற்ற முடியாத டிக்கெட்டை நம்புகிறவள் நான் இல்லை.

இரண்டு பாஸ் சொல்லுங்கள். ஏரிக்கரையில் ஒரே ஒரு நாள். மறுநாள் கிளம்ப வேண்டும்.

என் குக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். உங்களுடையது போதும்.

இப்படிக்கு,
சிஸ்டர்

—

ஜூன் 30

அன்புள்ள சம்பந்தி,

பாஸ் வந்துவிட்டது. வந்தேவிட்டது. கடையில் வரிசையில் நின்றவர்களையெல்லாம் நிறுத்திவைத்து உறையைப் பிரித்தேன். பத்திர நகல் எடுக்க வந்த வக்கீல் குமாஸ்தா, "என்னம்மா, லாட்டரியா?" என்றார். "அதைவிட ஒசத்தி, ஜன்னல்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நல்ல கெட்டித் தாள். நீல நிறம். என் பெயர், பாஸ்போர்ட் எண், கீழே மூன்று காலிக் கட்டங்கள். இவ்வளவு அழகான தாளை அப்படியே விடலாமா? அந்த ஊரில் மழை வேறு. கையில் பிடித்துப் பிடித்து ஓரம் மடங்கும், மை கலையும். என்னிடம் இருப்பதிலேயே கனமான உறையை எடுத்து லேமினேட் போட்டுவிட்டேன். ஒரு குமிழி இல்லை. எத்தனையோ பேரின் பட்டப் படிப்புச் சான்றிதழுக்குப் போட்டிருக்கிறேன், இப்படி ஒரு பளபளப்பு வந்ததில்லை. உங்களுடையதையும் போடலாம் என்று எடுத்தால் அந்த அளவு உறை தீர்ந்துவிட்டது. மெல்லியதில் போட மனசு வரவில்லை. அப்படியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊரில் நல்ல கடையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மிஷின் சூடானதும் போடச் சொல்லுங்கள்.

நாற்பது நாள்தான் இருக்கிறது. ஜன்னல் பக்கம் யார் உட்காருவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்வோமா?

உங்கள்,
லேமினேஷன் கடைக்காரி

—

ஜூலை 3

சம்பந்தியம்மாவுக்கு,

உடனே பாஸோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுங்கள். நாலாம் பக்கம். படியுங்கள்.

முதல் பயணத்துக்கு முன் ஸ்டேஷனில் பாஸ் மீது முத்திரை குத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை வண்டி ஏறும் முன்பும் ஒரு கட்டத்தில் அன்றைய தேதியை நம் கையால் பேனாவில் எழுத வேண்டும். எழுதாத பாஸ் செல்லாது. உறை போட்ட, ஒட்டிய, மாற்றிய பாஸும் செல்லாது.

அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தது அழகுக்கு இல்லை. இனி எதன் மேல் எழுதுவீர்கள்?

என்னுடையது பத்திரமாக இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை, யாரையும் தொட விடவும் இல்லை.

சிஸ்டர்

—

ஜூலை 7

சம்பந்தி அவர்களுக்கு,

பிரிக்கப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் போட்ட லேமினேஷனைப் பிரிக்க முடிந்ததாக ஒருவர் வந்து சொன்னதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இஸ்திரிப் பெட்டி வைத்துச் சூடு காட்டினேன். ஓரத்தைப் பிளேடால் கீறினேன். என் பெயரில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

ஏஜெண்ட் சிரித்தே விட்டார். "வேற பாஸ் தர முடியாதும்மா. பணமும் திரும்ப வராது" என்றார். உங்கள் பாஸில் நானும் போக முடியாதாம், பெயர் இருக்கிறதாம்.

சரிதான். ரயில் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளிடம் பாஸ் இல்லை, வேண்டாம் என்றவரிடம் இருக்கிறது. நீங்கள் மட்டும் போங்கள். நான் வராமல் போனால் யாரும் வரக் கூடாது என்று என் மகள் சொன்னதை நான் பேசிச் சரிக்கட்டிக்கொள்கிறேன். கூட வந்தாலும் உங்களுக்குத் தொல்லைதான். நாலாம் பக்கம் படிக்கத் தெரியாத ஜென்மம்.

பாஸை ஒரு வாடிக்கையாளரும் பார்க்காத இடத்தில் வைத்திருக்கிறேன். கல்லாவுக்கு அடியில்.

இப்படிக்கு,
கடைக்காரி

—

ஜூலை 11

சம்பந்தி,

அழுதது போதும். உள்ளே வைத்திருப்பது உங்களுக்கு ஒரு டிக்கெட். ஆகஸ்ட் பன்னிரண்டு, காலை எட்டு ஐம்பது வண்டி, தலைநகரிலிருந்து நேராகப் பிள்ளைகள் ஊருக்கு. ஏரி வழியேதான். நான் அதே வண்டியில் பாஸில் வருகிறேன். தேதி மாற்ற முடியாத டிக்கெட்தான், ஆனால் பாதி விலை. அதற்கு முந்தைய நாள்களில் அந்த விலைக்கு இடம் இல்லை. ஏரிக்கரையில் தங்க முடியாது, தலைநகரில் இரண்டு நாள் இருப்போம். உங்களுக்குச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

ஜன்னல் உங்களுக்கு.

இதற்கு லேமினேஷன் போட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

சிஸ்டர்

—

ஆகஸ்ட் 10, ஓடும் ரயிலில்

அன்புள்ள சம்பந்தி,

இந்தக் கடிதத்தை நேரில்தான் தருவேன். இதை நீங்கள் படிப்பது பன்னிரண்டாம் தேதி உங்கள் வண்டி வந்து சேர்ந்த பிறகு. நம் ஊர் சிம் இங்கே எடுக்கவில்லை, பேச வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை நடந்தது இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறது. ஏழரைக்கு ஹோட்டல் அறைப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். என் மகன், "அம்மா, பனிக்குடம் உடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்" என்றான். பதினோரு நாள் முன்னால். உங்களிடம் சொன்னேன். மூவாயிரம் பிரசவம் பார்த்த நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், நீங்கள் பெட்டிகளோடு என் கைப்பையையும் தூக்கிக்கொண்டு படியில் இறங்குகிறீர்கள். ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் நாற்பது பேர் வரிசை. உங்கள் டிக்கெட் பன்னிரண்டாம் தேதிக்கு. எட்டு ஐம்பது வண்டி நிற்கிறது. பாஸுக்கு முத்திரை குத்தும் கவுண்டரில் மட்டும் வரிசை இல்லை. என்னைத் தள்ளிக்கொண்டு போனீர்கள்.

"உங்க பாஸ்ல எந்த வண்டியிலயும் ஏறலாம். ஏறுங்க. மூட்டையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"நீங்க?"

"நான் வந்து என்ன பண்ணப் போறேன், மயங்கி விழவா? ஏறுங்க சிஸ்டர்."

முத்திரை குத்தி, முதல் கட்டத்தில் தேதியை எழுதி ஏறினேன். கதவு மூடிக்கொண்டது. நீங்கள் இரண்டு பெட்டியோடு நடைமேடையில் சின்னதாகிக்கொண்டே போனீர்கள்.

எனக்கு ஜன்னல் பக்கம் கிடைத்திருக்கிறது. உங்கள் ஜன்னல். வேண்டாம் என்றாலும் கண் போகிறது. சரி, உங்களுக்காகப் பார்க்கிறேன். வார்டில் நோயாளிக்குச் சார்ட் எழுதுவது போல எழுதிவைக்கிறேன். ஒன்றையும் விட மாட்டேன்.

9.40. ஊர் முடிந்தது. மஞ்சள் வயல். பெயர் தெரியாத பயிர். ஒரு நாய் ரயிலோடு ஓடியது, தோற்றது.

11.05. சுரங்கம். வெளியே வந்தால் மலை. எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மா பின்னுகிறார். குழந்தைச் சட்டை. கையால் காட்டிக் கேட்டேன், பேரனாம். நானும் கையால் வயிற்றைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஓர் ஆப்பிள் தந்தார்.

12.30. ஏரி. இடது பக்கம். நீங்கள் சொன்ன அதே ஏரி. நான் இவ்வளவு தண்ணீரை இவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. மேகம் தண்ணீருக்குள் கிடக்கிறது. ஒரு வெள்ளைப் படகு. அரை மணி நேரம் என்று சொன்னீர்களே, முப்பத்தாறு நிமிடம். நிமிடத்துக்கு நிமிடம் உங்கள் மேல் கோபம் வந்தது. இங்கே இருக்க வேண்டியவர் நீங்கள். அழுதேன். எதிரில் இருந்த அம்மா பிரசவத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார். அதற்கும்தான்.

3.15. மழை. ஜன்னலில் கோடு கோடாக இறங்குகிறது. இன்னும் இரண்டரை மணி நேரம். இப்போது முதல் நான் ஒன்றும் பார்க்கப் போவதில்லை, கும்பிட்டுக்கொண்டிருக்கப் போகிறேன்.

சிஸ்டர்

—

ஆகஸ்ட் 10, மாலை 4.50, ஆஸ்பத்திரி

அன்புள்ள சம்பந்தி,

இந்தச் சீட்டைக் கொண்டுவருகிற டாக்ஸிக்காரரை நம்பி ஏறுங்கள். உங்கள் போட்டோவைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். ஐந்து நாற்பது வண்டி வரும்வரை ஸ்டேஷன் வாசலை விட்டு நகரக் கூடாது என்று கை ஜாடையில் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

எப்படி இங்கே என்று கேட்பீர்கள். நீங்கள் போனதும் வரிசையில் நின்றேன். அடுத்த ரயில் நாளைக்குத்தான் வந்து சேருமாம். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவுண்டர் பெண் தானே கம்ப்யூட்டரில் தேடி, மதியம் ஒன்றரை மணி விமானத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று எழுதிக் காட்டினாள். ஒரே ஓர் இடம். திரும்பிப் போய்ப் பெட்டிகளை, குக்கரோடு, ஹோட்டலில் விட்டேன். பழைய துணி மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஐம்பது பேர் உட்காரும் விமானம், காற்றில் மேலும் கீழும் போட்டுக் குலுக்கியது. ஜன்னல் இருந்தது. முழுக்க வெள்ளை மேகம், ஒரு புல்லைக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் வேண்டும் வேண்டும் என்று கேட்ட விமானம் இதுதான், நான் போய் வந்துவிட்டேன். பிரமாதம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு முந்திவிட்டேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. ஏழு மணி ஆகும் என்கிறார்கள். உங்கள் பிள்ளை உள்ளே இருக்கிறார். அவரைத் தவிர இன்னும் ஒருவர்தான் உள்ளே இருக்கலாமாம். அதற்கு ஓர் அட்டை தந்தார்கள். பெயர் எழுதக் கட்டம் காலியாக இருந்தது.

கட்டத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். பேனாவால். லேமினேட் செய்யவில்லை. உள்ளே வைத்திருக்கிறேன்.

மகளை ஒரு நிமிடம் பார்த்தேன். "அத்தை வந்துட்டாங்களா?" என்றாள். "வந்துட்டே இருக்காங்க, எந்த வண்டியிலயும் ஏறலாம் அவங்க" என்றேன்.

ஓடி வாருங்கள். கால் தடுக்காமல் ஓடி வாருங்கள்.

கடைக்காரி

—

ஆகஸ்ட் 19, பிள்ளைகள் வீடு, சமையலறை மேஜை

அன்புள்ள சம்பந்தி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பீர்கள். நேற்றுக் குழந்தையின் குளியல் தண்ணீர் சூடு பற்றி நாம் பேசிய அழகைப் பார்த்துவிட்டு, உங்கள் மகள் இந்தத் தாளை என் முன்னால் வைத்தாள். "எழுதுங்க அத்தை" என்றாள். தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதை விடுங்கள்.

எழுத வேண்டியது வேறு. அன்றைக்கு ஏழு இருபதுக்கு நம் பேத்தி பிறந்தாள். இந்த ஊர் நர்ஸம்மா என் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார், ஒன்றும் கேட்காமல் துண்டை என்னிடம் கொடுத்தார். நீங்கள் விமானத்தில் தூக்கி வந்த பழைய துணியில் நான்தான் சுற்றினேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், கால் தானாக வாசலுக்கு நடந்தது. நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்தீர்கள். உங்கள் கையில் கொடுத்தேன். உங்கள் முகம் மாறியது. அடுத்தது என்று உள்ளே கூப்பிட யாரும் இல்லை. நான் நின்றேன். முதல் தடவையாக முழுவதும் பார்த்தேன்.

மூவாயிரத்து ஒன்று இல்லை, சம்பந்தி. எனக்கும் இதுதான் ஒன்று.

நீங்கள் மயங்கி விழவும் இல்லை. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

ரயிலில் எழுதியதை உங்களிடம் தந்தேன். நீங்கள் ஏரி வரும் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பது எனக்குத் தெரியும். நான் எழுதியது போதாது. தண்ணீரின் நிறத்தை எழுத எனக்கு வராது.

பாஸுக்குச் செப்டம்பர் ஒன்பது வரை உயிர் இருக்கிறது. மூன்று கட்டத்தில் ஒன்றுதான் எழுதியிருக்கிறது. ஏரிக்குப் போக ஒன்று, வர ஒன்று, சரியாக இருக்கும். உங்களுக்கு டிக்கெட் எடுக்கப் போகிறேன். இந்தத் தடவை தேதி மாற்ற முடிகிற டிக்கெட், கூடத்தான் ஆகும், ஆகட்டும். இரண்டு நாள் தாங்களே குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக இருவரும் சொல்கிறார்கள். பார்க்கட்டும், தெரியும் அவர்களுக்கு.

ஏரிப் பக்க ஜன்னல். பேனா என் கையில் இருக்கிறது, கட்டம் காலியாக இருக்கிறது. தேதியை நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்.

உங்கள்,
சிஸ்டர்